நீலியின் வழக்கு: தமிழ்ப் பேய்ப்படங்கள் கடந்து வந்த வழி

திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் என்றோர் ஊர் இருக்கிறது. கணவன் கையால் கொலையுண்ட நீலி என்ற பெண் அங்கே பேயாகிக் காத்திருந்தாள் என்பது கதை. மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அதே ஆள் அந்த வழியே வருகிறான். கள்ளிக் கொம்பொன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே ஊர்ச் சபைக்குப் போகிறாள். "இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்" என்று அழுகிறாள். இவள் பெண்ணல்ல, பேய் என்று அவன் கதறுகிறான். கீழே இறக்கிவிட்ட குழந்தையோ நேரே அவனிடம் போய் அப்பா என்கிறது. சபையில் இருந்த வேளாளர் எழுபது பேருக்கும் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி, அவன் கைக்கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்ததும் அறைக்குள் அவன் பிணம் மட்டும் கிடக்கிறது. எழுபது பேரும் சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்குகிறார்கள்.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. எல்லா வடிவங்களும் நமக்கு விட்டுச்சென்றது ஒரு வழக்குச் சொல்லை: நீலிக் கண்ணீர். பொய்யழுகை என்று அதற்குப் பொருள் வைத்திருக்கிறோம். அவள் கொலை செய்யப்பட்டது மட்டும் பொய்யில்லை. அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போதெல்லாம் இது என்னை உறுத்துகிறது.

தமிழ்ப் பேய்ப்படங்களை வரிசையாக எடுத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒருவர் நீலியைப்போல அநியாயமாகச் செத்திருக்கிறார். நியாயம் கேட்டுத் திரும்பி வருகிறார். இடைவேளைக்குப் பிறகு ஒரு நீளமான பிளாஷ்பேக் வருமே, அதுதான் சபை விசாரணை. கேமரா, ஒலி, ஒப்பனை என்று இத்தனை ஆண்டுகளில் மாறியவை ஏராளம். அவற்றைவிடப் பெரிய மாற்றம், அந்தச் சபை அவளுக்கு என்ன தீர்ப்புச் சொன்னது என்பதில் இருக்கிறது.

முதல் பேய் ஓர் அரசன். 1951-ல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த மர்மயோகியில், கொல்லப்பட்டதாகக் கருதப்படும் மன்னர் ஆவியாகத் தோன்றி அரியணையில் இருப்பவளைக் கலங்கடிப்பார். அந்தக் காட்சிகளுக்காகவே படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தார்கள். தமிழில் அந்தச் சான்றிதழ் பெற்ற முதல் படம் அதுதான். முத்தமும் ரத்தமும் நமக்கு நினைவுக்கு வரும் 'ஏ' என்ற எழுத்து, தமிழில் முதன்முதலில் ஒட்டப்பட்டது ஓர் ஆவியின் மேல். படத்தின் ஆவியோ உண்மையான ஆவி அல்ல, மன்னர் சாகவில்லை. பிந்தைய பதினைந்து ஆண்டுகளுக்கு இதுவே வாய்பாடாக ஆனது: பேயைக் காட்டு, பயமுறுத்து, முடிவில் பேயில்லை என்று அவிழ்த்துவிடு.

அறுபதுகளின் பேய் பாட்டாகத்தான் வந்தது. பம்பாயில் 1949-ல் வந்த மஹல் படம் காட்டிக்கொடுத்த வழி அது: வெள்ளை உடை, கலைந்த கூந்தல், பாழடைந்த மாளிகை, எங்கிருந்தோ கேட்கும் பெண்குரல். ஸ்ரீதரின் நெஞ்சம் மறப்பதில்லை 1963-ல் வந்தது. முற்பிறவி, ஜமீன் மாளிகை, அதில் கிழவராக நம்பியார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பி.சுசீலாவின் குரல். 1966-ல் யார் நீ, வோ கௌன் தீ என்ற இந்திப் படத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மழையில் வெள்ளைச் சேலையோடு நிற்கும் ஜெயலலிதாவைப் பார்த்து ஊரே நடுங்கியது. பின்னால் பார்த்தால் எல்லாம் சொத்துக்காக நடந்த சூழ்ச்சி. மேடைகளில் பகுத்தறிவுப் பேச்சு ஓங்கியிருந்த காலம் அது. வேப்பமர உச்சியில் பேய் ஆடுவதாகச் சொல்வதை நம்பாதே என்று சிறுவனுக்குச் சொல்லும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டு 1961-ல் எம்.ஜி.ஆர். படத்திலேயே வந்து பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. அந்தக் காற்றில் பேய்க்கு இடமில்லை. வழக்கு தொடுத்தவளே இல்லை என்று தள்ளுபடி செய்யப்பட்ட காலம் என்று இதைச் சொல்வேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெள்ளைச் சேலைப் பேய் நம்முடையது அல்ல. நம் பேய்மகள் எப்படி இருப்பாள் என்று காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தில் எழுதியிருக்கிறார்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த பரட்டைத் தலை, நீண்டு துருத்திய பல். தம்மையே அப்படி ஒரு பேயாக ஆக்கிக்கொண்டவர் அவர். நீலியின் பழையனூரும் அம்மையாரின் ஆலங்காடும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் கிடந்தும், அந்த உருவத்தைத் திரையில் கொண்டுவர நம் சினிமா துணியவில்லை. பார்க்க அழகாக இருக்கும் பேயே அதற்கு வேண்டியிருந்தது.

பேய் உண்மையாகவே பேயாக வந்தது 1978-ல். அந்த ஆண்டில் வந்த இரண்டு படங்கள் முக்கியமானவை. ஒன்று விட்டலாச்சார்யா தெலுங்கில் எடுத்த ஜகன்மோகினி. தமிழ் பேசி அது நம் டூரிங் டாக்கீஸ்களுக்கு வந்தபோது மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளில் நானும் ஒருவன். மருமகளாக வீட்டுக்குள் புகுந்த பேய் சமைக்கப் போகும். விறகு இல்லை. சற்றும் தயங்காமல் தன் காலையே அடுப்புக்குள் நீட்டிவிடும். கால் கொழுந்துவிட்டு எரியும், உலை கொதிக்கும். படம் பார்த்த மறுநாள் காலை எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் நின்று, அம்மாவின் கால்கள் எங்கே இருக்கின்றன என்று குனிந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. மாளிகையில் இருந்த பேயை விறகடுப்புக்குக் கொண்டுவந்த படம் அது. வீட்டுக்கு வரும் மருமகள் யாரோ எவரோ என்ற பழைய அச்சமும், அவளை விறகாக எரிக்கும் வீட்டு வேலையும் அந்த ஒரே காட்சிக்குள் இருக்கின்றன.

இன்னொன்று துரை இயக்கிய ஆயிரம் ஜென்மங்கள். நடிகை ஷீலா மலையாளத்தில் இயக்கிய யக்ஷகானத்தின் தமிழ் வடிவம். நிறைவேறாத காதலோடு இறந்த ஒருத்தி, தான் காதலித்தவனின் மனைவி உடம்பில் ஏறுகிறாள். அண்ணன் ரஜினிகாந்த் தங்கையை மீட்கிறார். பேய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள், அதன் வலியையும் காட்டினார்கள், ஆனாலும் விரட்டினார்கள். பேய் உண்மைதான், அதன் குறையும் உண்மைதான், வீடு மட்டும் அதற்குக் கிடையாது என்ற தீர்ப்பு. 2014-ல் சுந்தர் சி.யின் அரண்மனை வந்தபோது அதையும் இந்தப் படத்தையும் ஒப்பிட்டுப் பேசினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளில் கதையின் எலும்புக்கூடு எவ்வளவு குறைவாக மாறியிருக்கிறது என்பதற்கு அந்த வழக்கே சான்று.

எண்பதுகளில் சாத்தான் வந்தான். எக்ஸார்சிஸ்ட், ஓமென் ஆகிய ஆங்கிலப் படங்களின் தாக்கம் அது. 1985-ல் யார்?, 1991-ல் ஓமெனையே தழுவிய ஜென்ம நட்சத்திரம் என்று சில படங்கள் வந்தன. நன்றாகவே பயமுறுத்தின. ஆனாலும் சாத்தான் இங்கே வேர்விடவில்லை. அவனுக்குக் கெடுதல் செய்யும் ஆசை உண்டே தவிர, தீர்க்கப்படாத குறை எதுவும் இல்லை. எந்தச் சபையிலும் அவன் நின்று அழ முடியாது. அதே ஆண்டுகளின் சூனியப் படங்களில் ஜி.எம்.குமாரின் உருவம் (1991) தனியாக நிற்கிறது. ஒரு குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதைச் சிரிப்புக்கு இடமே கொடுக்காமல் காட்டிய படம். அந்த இறுக்கம் அதன்பின் வெகுகாலம் தமிழில் திரும்பவில்லை.

தொண்ணூறுகளில் தியேட்டரைவிட்டுப் பேய் வீட்டுக்கு வந்துவிட்டது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய மர்மதேசம் தொடருக்காகத் தெருக்கள் வெறிச்சோடின. அதில் விடாது கருப்பு என்ற பகுதியில் குதிரையேறி வரும் கருப்பசாமி தப்புச் செய்தவர்களைத் தண்டிப்பார். பின்னால் மனநோய் என்ற விளக்கம் வரும். தெய்வமா, நோயா என்று இரண்டு பக்கமும் நம்பிக்கையோடு நின்ற கதை அது. சந்திரமுகிக்குத் தமிழ் ரசிகர்களின் மனத்தைத் தயார்ப்படுத்தியதில் அந்தத் தொடருக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

சந்திரமுகியை எல்லோருக்கும் தெரியும். 2005 சித்திரை முதல் நாளில் வெளிவந்து, சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. அதன் மூலம் ஃபாசில் 1993-ல் எடுத்த மலையாளப் படமான மணிச்சித்திரத்தாழ். இந்தக் கதை மொழிவிட்டு மொழி போனபோது நடந்த ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். மலையாளத்தில் அந்த நாட்டியக்காரியின் பெயர் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டவள், தமிழ் பேசுகிறாள். தமிழுக்கு வந்ததும் அவள் சந்திரமுகியாகித் தெலுங்கு பேசுகிறாள். கன்னட ஆப்தமித்ராவிலும் தெலுங்கே பேசுகிறாள். இந்தியில் அவள் மஞ்சுளிகா, பேசுவது வங்காளி. எந்த மாநிலத்துக்குப் போனாலும் அவள் வெளியூர்க்காரியாகவே இருக்கிறாள். கேரளத்து மாளிகையில் அடைக்கப்பட்டுச் செத்த அந்நியப் பெண் நம்மூர்க்காரி என்பதைத் தமிழ்ப் படம் பார்த்தவர்களில் பலர் அறிய மாட்டார்கள். அரசன் தூக்கிக்கொண்டு வந்த பெண், அரண்மனையில் யாருக்கும் புரியாத மொழியில் நியாயம் கேட்கிறாள். இதைவிடத் துல்லியமாகப் பேயின் நிலைமையைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. தீர்ப்பும் விசித்திரமானது: பொம்மையை எரித்து, பழி தீர்ந்துவிட்டதாக, தன்னைச் சந்திரமுகியாக எண்ணிக்கொள்ளும் பெண்ணை நம்பவைத்து, நோயைக் குணப்படுத்துகிறார் மருத்துவர். பழிக்குப் பழி என்ற நாடகம் நடந்தது. பழி மட்டும் நடக்கவில்லை.

அதற்கு இரண்டே ஆண்டுகளில் ராகவா லாரன்ஸ் முனி எடுத்தார். நான்காண்டுகள் கழித்துக் காஞ்சனா. இந்த இரண்டு படங்களையும் சத்தமான வணிகப்படங்கள் என்று ஒதுக்குபவர்கள் பெரிய திருப்பம் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். இருட்டினால் அம்மாவைத் துணைக்கு எழுப்பும் அளவுக்குப் பயந்தாங்கொள்ளியான நாயகன், பேயின் கதையைக் கேட்ட பிறகு தன் உடம்பையே அதற்குக் கொடுக்கச் சம்மதிக்கிறான். பேயை ஓட்டுவதற்குப் பதிலாகப் பேயை உள்ளே அழைப்பது! 1978-ல் வெளியே துரத்தப்பட்ட அதே ஆவிக்கு இப்போது நாயகனே வக்கீல்.

காஞ்சனாவில் அந்த ஆவி ஒரு திருநங்கை. வீட்டார் விரட்டிவிட்ட காஞ்சனா, தன்னைப்போலவே வெளியேற்றப்பட்ட இன்னொரு பெண்ணை வளர்த்து டாக்டராக்கி, ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட நிலம் வாங்குகிறாள். அந்த நிலத்துக்காகக் கொல்லப்படுகிறாள். சரத்குமார் அந்தப் பாத்திரத்தில் மேடையேறிப் பேசும் காட்சியில் தியேட்டர் அமைதியாகும். அதுவரை தமிழ் சினிமாவில் திருநங்கை என்றால் கேலிக்கு வரும் உருவம். பேய்ப்படம்தான் அவருக்கு ஒரு மேடையும் ஒரு முழு வாழ்க்கைக் கதையும் கொடுத்தது. செத்த பிறகே கொடுத்தது என்பதும் உண்மை.

2009-ல் பேய் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிவந்தது. அதே ஆண்டில் விக்ரம் குமாரின் யாவரும் நலம், அறிவழகனின் ஈரம் என இரண்டு படங்கள். கடன் வாங்கி வீடு வாங்கும் தலைமுறைக்கு எது பயம் என்று இரண்டுக்கும் தெரிந்திருந்தது. யாவரும் நலத்தில் 13பி என்ற புது வீட்டில் பால் திரிந்துகொண்டே இருக்கும். சாமிப்படம் மாட்டச் சுவரில் ஓட்டை போட முடியாது. மாதவன் ஏறினால் மட்டும் லிப்ட் நகராது. வீட்டுப் பெண்கள் பகல் ஒரு மணிக்குப் பார்க்கும் நெடுந்தொடரில் தங்கள் குடும்பத்தில் நடப்பவையே நடக்கும். முன்பு அங்கே கொலையுண்ட குடும்பம் தன் கதையைச் சொல்லத் தேர்ந்தெடுத்த சபை, கூடத்தில் இருக்கும் டி.வி. பெட்டி. திரிந்த பாலைக் காட்டியே பி.சி.ஸ்ரீராமின் கேமரா நெஞ்சை இறுக்கியது. மங்கலம் கெடுவதுதான் நம் வீடுகளின் ஆதிப் பயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஈரம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு குடியிருப்பே வாய்க்கு வந்தபடி பேசியதாலும் கணவனின் சந்தேகத்தாலும் உயிரிழந்த பெண், தண்ணீராகத் திரும்புகிறாள். குழாயில், மழையில், ஈரத்தரையில். அவளைக் கொன்றது ஒரு கைதான்; குற்றத்தில் பங்கு பக்கத்து வீடுகளுக்கும் உண்டு. நீலியின் கதையில் சபை தவறான தீர்ப்புச் சொன்னது. ஈரத்தில் சபையே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது.

பிறகு என்ன நடந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 2011-ல் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்குக்கு 'யு' சான்றிதழை நிபந்தனையாக்கியது, 2017-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை அந்த நடைமுறை தொடர்ந்தது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது. ஒளிபரப்பு உரிமைதான் அன்று தயாரிப்பாளரின் முதலைக் காப்பாற்றிய பணம். எனவே குழந்தை குட்டிகளோடு பார்க்கத்தக்க பேய் தேவைப்பட்டது. 1951-ல் 'ஏ' வாங்கிய ஆவி, அறுபது ஆண்டுகள் கழித்துக் குடும்பப்படத்துக்கு வாடகைக்கு வந்தது. யாமிருக்க பயமே, அரண்மனை, டார்லிங், தில்லுக்கு துட்டு என்று 2014 முதல் மாதம் தவறாமல் வந்ததுபோல ஒரு வரிசை. அவற்றில் யாமிருக்க பயமே நிஜமாகவே நன்றாக எழுதப்பட்ட படம். மற்றவற்றில் பலவும் ஒரே அச்சு: நகைச்சுவை நடிகர்கள் பங்களாவுக்குள் ஓடுவார்கள், கவர்ச்சிப் பாட்டு வரும், கடைசியில் கோயிலில் பேய் அழியும். பிளாஷ்பேக் பத்து நிமிடச் சடங்காகச் சுருங்கியது. வழக்கைக் கேட்க யாருக்கும் பொறுமையில்லாதபோது பயமும் போய்விடுகிறது. இறந்தவளின் துயரத்தை நம்பினால்தான் அவள் கையைக் கண்டு நடுங்க முடியும்.

இந்த ஓட்டத்துக்கு நடுவிலேயே வேறு சிலரும் வேலை செய்தார்கள். கார்த்திக் சுப்பராஜின் பீட்சாவில் (2012) பேய்க்கதையே ஒரு பொய் வழக்கு. முதலாளியின் வைரங்களை அமுக்குவதற்காக நாயகன் கட்டிய கதை. டிமான்டி காலனி (2015), ஆழ்வார்பேட்டையில் இன்றும் இருக்கும் ஒரு தெருவின் பெயரை எடுத்துக்கொண்டு, நான்கு இளைஞர்களை ஓர் அறைக்குள் அடைத்துப் போட்டது. அதன் ஆவி ஒரு பணக்காரன். அவன் கேட்பது நியாயத்தை அல்ல, தன் உடைமையை. அதனாலேயே அது அத்தனை ஈரமற்ற, கொடிய படமாக இருக்கிறது.

என் கணக்கில் இந்த வரிசையின் உச்சம் மிஷ்கினின் பிசாசு (2014). சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பெண்ணை ஒரு வயலின் கலைஞன் மருத்துவமனைக்குத் தூக்கி ஓடுகிறான். அவன் கையைப் பிடித்தபடியே அவள் இறந்துபோகிறாள். பிறகு அவன் வீட்டுக்கு வருகிறாள். பீர் குடிக்க விடமாட்டாள். அவனைச் சேர்ந்தவர்களை ஆபத்திலிருந்து காப்பாற்றுவாள். அவனோ பயந்து அவளை விரட்ட வழி தேடுகிறான். அவள் அப்பா ராதாரவி, மகளின் உடலைப் புதைக்க மனமில்லாமல் ஐஸ் தொழிற்சாலையில் பனிக்கட்டிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். அவளை இடித்த கார்க்காரனைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இளைஞன் அலைகிறான். ஒவ்வொரு துப்பாக விலகிக்கொண்டே வந்து, கடைசியில் அவனிடமே வந்து நிற்கிறது விசாரணை. அவளை இடித்தவன் அவனேதான். அவளுக்கு அது முதலிலிருந்தே தெரியும்.

தெரிந்தும் அவன் வீட்டில் அவனைக் காத்துக்கொண்டிருந்தாள் என்பது விளங்கும் நொடியில், அதுவரை பார்த்த ஒவ்வொரு காட்சியும் தலைகீழாகப் புரள்கிறது. காரைக் கண்டு அவன் கதறும்போது, அவனுக்கு எதிரான ஒரே சாட்சியமான அந்தக் காரை அவளே எரித்துவிடுகிறாள். பழையனூர் சபையில் தொடங்கிய வழக்கை வாதியே திரும்பப் பெற்றுக்கொண்டது அங்கேதான். மன்னிக்கும் பேயைப் பெண்மைக்குப் போடும் இன்னொரு விலங்காகப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. என்றாலும் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் ஐஸ் தொழிற்சாலைக் காட்சியில் எனக்குக் குரல் அடைத்துக்கொள்கிறது.

அஸ்வின் சரவணனின் கேம் ஓவர் (2019) வரும்போது உருவமே போய்விட்டது. கொலையுண்ட ஒரு பெண்ணின் சாம்பல், பச்சை குத்தும் மையில் தவறுதலாகக் கலந்து, வன்முறையிலிருந்து தப்பிப் பிழைத்த வேறொருத்தியின் மணிக்கட்டில் ஏறியிருக்கிறது. செத்தவள் யாரையும் பழிவாங்கவில்லை. கதவைத் தட்டும் கொலைகாரர்களை எதிர்த்து நிற்க உயிரோடிருப்பவளுக்குத் தெம்பு கொடுக்கிறாள். வெள்ளைச் சேலையில் தொடங்கியது தோலுக்கடியில் ஒரு சொட்டு மையாக வந்து சேர்ந்திருக்கிறது.

நீலியோ நம் படங்களுக்காகக் காத்திருக்கவில்லை. குமரி மாவட்டத்துக் கள்ளியங்காட்டிலும் அவள் கதை உண்டு. அங்கே வில்லுப்பாட்டில் அவளைப் பாடுகிறார்கள். அந்தக் கள்ளியங்காட்டு நீலியை 2025-ல் மலையாள சினிமா லோகா என்ற படத்தில் நாயகியாகவே, மனிதர்களைக் காக்கும் வீராங்கனையாக, இன்றைய பெங்களூருவில் நடமாடவிட்டது. கேரளம் அதைக் கொண்டாடித் தீர்த்தது. இந்தப் பக்கம் பழையனூரில் தீயில் இறங்கிய எழுபது பேருக்கும் நினைவு மண்டபம் இருக்கிறது.